பக்கத்து சீட்

மாப்பிள்ளையூரணியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்று, என் கணவர் வீட்டுக்குள் நுழையவேயில்லை. எதிரே இருந்த காலி மனையை அளப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். டிரெய்லர் வண்டியைத் திருப்பி நிறுத்த இடம் போதும் என்று தெரிந்ததும் வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தவள் நான்தான். தையல் மிஷினை ஜன்னலோரம் போட முடியும் என்று தெரிந்ததும் எனக்கும் போதுமாக இருந்தது.

அந்த மனையில் அவருடைய வண்டி நின்ற நாட்கள் குறைவு. கொஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே தன் பசுமாட்டைக் கட்டத் தொடங்கினார். வண்டி வரும்போது அவிழ்த்துவிடுகிறேன் என்று முதலில் சொன்னார். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

என் கணவர் ஆத்தூர்க்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். நான் கடற்கரையில், மாதா கோயில் மணிச் சத்தத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். நான் வேலை பார்த்த தையல் கடைக்குத் துணிக் கட்டுகளைக் கொண்டுவரும் வேனை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு உடனே போகாமல் கதவருகே நின்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அப்படிப் பேசியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இரண்டு வீட்டிலும் சாமி வேறு, சாதி வேறு என்று கொஞ்ச காலம் முகம் திருப்பிக்கொண்டார்கள். மகள் பிறந்ததும் எல்லாரும் பார்க்க வந்தார்கள்.

என் அப்பா தோணியில் போனவர். கல்லும் சிமெண்டும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணி. அம்மாவும் காத்திருந்தே வாழ்ந்தவள்தான். ஆனால் தோணிக்குப் பருவம் உண்டு. காற்று மாறும் மாதங்களில் தோணிகள் எல்லாம் கட்டிக்கிடக்கும். அப்பா வீட்டில் இருப்பார். சட்டை போடாமல் தெருவில் உட்கார்ந்து சீட்டாடுவார். அம்மாவோடு சண்டை போடுவார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் மீன் குழம்பின் ருசியே வேறாக இருக்கும். லாரிக்காரனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ரோட்டுக்குப் பருவம் கிடையாது. மழையிலும் ஓடும், வெயிலிலும் ஓடும். அம்மாவுக்குக் கிடைத்த அந்த மாதங்கள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அவர் துறைமுகத்திலிருந்து திருப்பூருக்குக் கன்டெய்னர் கொண்டுபோவார். அங்கே பனியன் துணி ஏற்றிக்கொண்டு திரும்பத் துறைமுகத்துக்கு வருவார். கப்பலில் ஏற வேண்டிய பெட்டிக்கு ஒரு நேரம் குறித்திருப்பார்கள். அதற்குள் பெட்டி துறைமுகக் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். அந்த நேரத்துக்கு கட்-ஆஃப் என்று பெயர். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட அந்தச் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். குழம்பை எப்போது இறக்குவது, மகளைப் பள்ளிக்கூடத்தில் யார் கூப்பிடப் போவது, எல்லாவற்றையும் கட்-ஆஃப் முடிவு செய்யும்.

முதலில் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். இன்னொருவர் ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஆள், வயதில் மூத்தவர். மீன் வாடையே ஆகாது அவருக்கு. நான் கொடுத்துவிடும் மீன் குழம்பைத் திறந்தாலே கேபினை விட்டு இறங்கிவிடுவாராம். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார். மூத்தவர் விடும் குறட்டையில் இன்ஜின் சத்தமே கேட்பதில்லை என்று என் கணவர் குறைபட்டுக்கொள்வார். அப்படிக் குறைபட்ட நாட்களில் என் கணவரின் கண் சிவக்காமல் வெள்ளையாக இருந்தது.

நாலுவழிச் சாலை நன்றாகப் போட்டுவிட்டார்கள், இனி ஒரு ஆள் போதும் என்று முதலாளி ஒருநாள் சொன்னார். மூத்த டிரைவரை நிறுத்திவிட்டார். வழியில் யாராவது கேட்டால், இன்னொருத்தன் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போயிருக்கிறான் என்று சொல்லச் சொன்னார். முதலாளியும் ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர்தான். பனங்காட்டு ஊரிலிருந்து வந்து, கிளீனராக இருந்து, டிரைவராகி, ஒரு வண்டி வாங்கி, பிறகு பல வண்டி வாங்கியவர். எங்கள் கல்யாணத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்தார். அதை இன்றைக்கும் விளக்கித்தான் வைத்திருக்கிறேன்.

மூத்த டிரைவர் போன பிறகு என் கணவர் எனக்கு அடிக்கடி போன் செய்யத் தொடங்கினார். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பேசுவார். ஓட்டிக்கொண்டே பேசக்கூடாது என்று நான் பயந்து பலமுறை வைத்துவிட்டேன். அப்போது ஒருநாள் சொன்னார்.

"ஏளா, நீ பேசலேன்னா தூக்கம் வந்து பேசுது. பக்கத்து சீட்ல ஆளு இல்லை. நீ எதையாவது சொல்லிக்கிட்டே இரு."

அதற்குப் பிறகு நான் போனை வைக்கவில்லை. மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டே பேசுவேன். யார் வீட்டில் என்ன சண்டை, எந்த அக்கா முதுகை எவ்வளவு இறக்கி வெட்டச் சொன்னாள், பசு கன்று போட்டது, மகள் கணக்கில் என்ன தப்பு செய்தாள், இதெல்லாம்தான் பேச்சு. மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் அவருக்குத் தெம்பாக இருக்குமாம். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார். நூல் அறுந்தது என்பேன். கோர்த்துவிட்டு ஓட்டு என்பார்.

அவரும் சொல்வார். இந்தா எட்டயபுரம் தாண்டுதேன். அருப்புக்கோட்டையில மழை. தாராபுரம் பக்கம் காத்தாடியெல்லாம் சுத்துது. நான் அந்தச் சாலையில் ஒருதடவைகூடப் போனதில்லை. ஆனால் எங்கே சாலை வளைகிறது, எந்த ஹோட்டலில் சாம்பார் புளிக்கும், எந்த டோல்கேட்டில் முல்லைப் பூ விற்கும் அம்மா ஜன்னல்வரை கை நீட்டுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

முகத்துக்கு முகம் பார்த்து அவர் ஒருநாளும் சொல்லாதவற்றையெல்லாம் அந்தப் போனில் சொன்னார். சின்ன வயசில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது, கொடிக்கால் முழுவதும் தண்ணீருக்குள் போவதை வரப்பில் நின்று பார்த்ததைச் சொன்னார். அன்று அவருடைய அப்பா அழுததை வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். தான் ஏற்றிக்கொண்டு வரும் பெட்டியோடு ஒருதடவை கப்பலில் ஏறிப்போய், அதை எந்த ஊரில் யார் திறக்கிறார்கள் என்று பார்க்க ஆசை என்றார். என்னை முதலில் பார்த்த அன்று நான் என்ன நிறத் துணி தைத்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு இல்லை.

அப்படிப் பேசியவர் வீட்டுக்கு வந்தால் பேசமாட்டார். குளிப்பார், சாப்பிடுவார், தட்டில் கை காய்வதற்குள் கண் செருகும். படுத்தால் மரக்கட்டை. விழித்ததும் போன் வரும்; வண்டி தயார் என்பார்கள். நான் கட்டிக்கொண்ட ஆள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார், என்னோடு பேசுகிற ஆள் ரோட்டிலேயே இருக்கிறார் என்று தோன்றும். கதவைச் சாத்திவிட்டு, எப்போது போன் அடிக்கும் என்று காத்திருப்பேன்.

மகளின் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பூசை, ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளைக் கவுனை நானே தைத்தேன். கழுத்தில் சரிகைப் பூ வைத்து, தலைக்கு வலைத்துணியில் முக்காடு போட்டேன். அவர் கண்டிப்பாக வருவதாகச் சொல்லியிருந்தார். தான் வேறு சாமி கும்பிட்டாலும் அன்று வேட்டி சட்டையில் கோயிலுக்குள் வந்து முதல் பெஞ்சில் உட்காருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். திருப்பூரிலிருந்து நேரத்துக்கு வந்தும் விட்டார். ஆனால் துறைமுகத்து ரோட்டில் லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. பெட்டி உள்ளே போகாமல் வண்டியை விட்டு இறங்க முடியாது. இரண்டாவது டிரைவர் இருந்திருந்தால் அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். முதலாளிக்குப் போன் செய்து யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அனுப்புகிறேன் என்று அவரும் சொன்னார். யாரும் வரவில்லை.

பூசை முடிந்தது. பிள்ளைகள் எல்லாம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். என் மகள் என் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்பா எங்கன நிக்காரு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அப்ப நாம போவோம் என்றாள்.

பிரியாணிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஒருபக்கம் உப்பளம், மறுபக்கம் முடிவில்லாத லாரி வரிசை. ஆட்டோக்காரர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினார். டிரைவர்கள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடந்தார்கள். வெள்ளைக் கவுனும் முக்காடும் கையில் மெழுகுவர்த்தியுமாக ஒரு பிள்ளை போவதைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அவர் வேட்டி சட்டையில் இருந்தார். கேபினுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு, தலை வாரி, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைத் தூக்கி உள்ளே விட்டேன். அவள் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கவுனை விரித்துவிட்டுக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யம்மா, சம்மனசு மாதிரி இருக்கா" என்று என்னிடம் சொன்னார். தேவதூதரைச் சொல்லும் சம்மனசு என்ற வார்த்தை எங்கள் பக்கத்தது. அவர் வாயில் அதை அன்றுதான் கேட்டேன். தட்டில் சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். நாலு வாய் வைத்திருப்பார். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நாங்கள் இறங்கினோம். அவர் ஒரு கையில் எச்சிலோடு கியரை மாற்றிக்கொண்டு போனார்.

சாலைப் பாதுகாப்புக்காக ஒரு டோல்கேட்டில் டிரைவர்களை நிறுத்திக் கண் பரிசோதனை செய்த கதையை அதற்குப் பிறகு ஒருநாள் சொன்னார். ஒரு அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாராம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நடுவில் அரைமணி ஓய்வு எடுக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று நல்ல தமிழில் விளக்கினாராம். நீங்கள் எவ்வளவு நேரமாக ஓட்டுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்கே கணக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். அந்த டீயைக் குடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் கிளம்பியிருக்கிறார். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அந்தப் பிற்பகல் வந்தது மழைக்காலம் முடிந்த சமயத்தில். திருப்பூரில் சரக்கு ஏற்றத் தாமதமாகிவிட்டது. வரிசை நகர நகர வண்டியையும் நகர்த்திக்கொண்டே இருந்ததில் அங்கே அவருக்குத் தூங்க முடியவில்லை. அதற்கு முந்தைய நடையிலும் தூங்கவில்லை. சாயங்காலம் கட்-ஆஃப். அருப்புக்கோட்டை தாண்டும்போது கூப்பிட்டார். நான் கல்யாண வீட்டு ஜாக்கெட் ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. மதியம் என்ன குழம்பு என்று கேட்டார். சாளை மீன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் சொன்னார்.

"அந்தக் கதவைச் சாத்து ளா. பிள்ளை மேல காத்து அடிக்கி."

எந்தக் கதவு என்று கேட்டேன்.

"பின்கதவுதான். எத்தனை மட்டம் சொல்ல."

என் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. அவர் கண் திறந்திருக்கிறது, கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, ஆனால் அவர் அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கத்திக் கூப்பிட வாய் வந்தது. கத்தினால் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார் என்ற பயத்தில் அடக்கிக்கொண்டேன். தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினேன்.

"சாத்திட்டேன். முன்னால என்ன தெரியுது, சொல்லுங்க."

"ரோடு."

"எந்த ஊரு தாண்டுதீங்க?"

மெதுவாக, "தெரியலையே" என்றார். அந்தச் சாலையில் ஒவ்வொரு பாலத்தையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கே பயம் வந்துவிட்டது. குரல் மாறியது.

"இடது பக்கம் ஒதுக்குங்க. மெதுவா. ஒதுக்கி நிப்பாட்டுங்க."

"கட்-ஆஃப் இருக்கு ளா."

"இருக்கட்டும். எனக்காண்டி நிப்பாட்டுங்க."

இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பது கேட்டது. சக்கரம் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. பிரேக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது, இன்ஜின் நின்றது. "நிப்பாட்டிட்டேன்" என்றார். சொல்லி முடித்ததும் மூச்சு நீளமாக வரத் தொடங்கிவிட்டது. நான் போனை வைக்கவில்லை. அதைத் துணிமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வேறொரு அழைப்பு வருகிற சத்தம் கேட்டது. முதலாளி. வண்டி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்பதெல்லாம் அவருடைய போனில் தெரியும். அந்த அழைப்பை எடுக்காமல் விட்டேன். திரும்பத் திரும்ப வந்தது. என் கணவரின் அழைப்பைத் துண்டிக்காமல் நிறுத்திவைத்துவிட்டு எடுத்தேன்.

"தங்கச்சி, வண்டி பந்தல்குடிகிட்ட நிக்கி. அவன் போன் பிஸியாவே இருக்கு. என்ன சங்கதி?"

"தூங்குதாரு அண்ணாச்சி."

"தூங்குதானா? கப்பல் போயிரும்மா. ஒரு சத்தம் போட்டு எழுப்பி விடு."

"எழுப்ப மாட்டேன்."

அவரிடம் நான் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அவர் கோபப்படாமல், புத்தி சொல்கிற மாதிரி சொன்னார். எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், நானும் இப்படி ஓட்டி வந்தவன்தான், முகத்தில் தண்ணி அடிச்சா சரியாயிரும் என்றார்.

"நான் கூப்பிட்டா எழும்பிருவாரு அண்ணாச்சி. எழும்பி ஓட்டவும் செய்வாரு. அதான் எழுப்பலை. நீங்க ஓட்டும்போது பக்கத்துல ஒருத்தரு இருந்தாருல்லா?"

அவர் போனை வைத்துவிட்டார். நான் திரும்ப என் கணவரின் அழைப்புக்கு வந்தபோது மூச்சு அப்படியே இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, யாரு என்று சாடை காட்டிக் கேட்டாள். அப்பா தூங்குதாரு என்றேன். அவளும் பையைக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். லாரிகள் கடந்துபோகிற சத்தமும், எங்கேயோ ஒரு ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தமும் கேட்டன. கல்யாணமான நாள்முதல், அவர் தூங்குவதை நான் அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை.

கப்பல் போய்விட்டது. பெட்டி அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நான் என்ன சொன்னேன்?" கதவைச் சாத்தச் சொன்னதைச் சொன்னேன். அவருக்கு ஞாபகமில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொழுதில் அந்தக் கைகளுக்கு முன்னால் எத்தனை பைக்குகள், எத்தனை பஸ்கள் போயிருக்கும் என்று யோசித்திருப்பார். நானும் அதைத்தான் யோசித்தேன்.

சில நாள் கழித்து முதலாளி வீட்டுக்கு வந்தார். கேபினில் இருந்த தலையணை, போர்வை, சாப்பாட்டுக் கேரியர், நான் ஒட்டிவைத்த வேளாங்கண்ணி மாதா படம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவரே கொண்டுவந்திருந்தார். ஆள் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. டீ கொடுத்தேன். குடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு மேல ஒருத்தன் மணி பார்க்கான் தங்கச்சி. அவனுக்கு மேல கப்பல்காரன் பார்க்கான். ரெண்டு ஆளு போட்டா எனக்கு லோடு கிடைக்காது. நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

அவர் போகும்போது என் கணவர் வாசல்வரை போய் வழியனுப்பினார்.

பழைய ஜோடி டிரைவர் கேள்விப்பட்டு ஆதிச்சநல்லூரிலிருந்து வந்தார். இதை இப்படியே விடக்கூடாது என்று, இன்னும் சில டிரைவர்களையும் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். என் கணவரும் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். சில வாரங்கள் பல வண்டிகளில் இரண்டு பேர் போனார்கள். எங்கள் முதலாளி மூத்த டிரைவரையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பிறகு ஏற்றுமதி மும்முரமானதும் ஒவ்வொரு வண்டியாக மறுபடியும் ஒற்றை ஆளாகிவிட்டது. மூத்தவர், எனக்கு வயசாயிட்டு என்று ஊரோடு இருந்துவிட்டார்.

என் கணவருக்குத் துறைமுகத்துக்குள்ளேயே வேலை கிடைத்தது. கப்பலிலிருந்து இறக்கும் பெட்டியைக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்பி வர வேண்டும். ஷிப்ட் வேலை. எட்டு மணி நேரம் ஆனதும் அடுத்த ஆள் வந்து வண்டி ஏறிவிடுவார். எட்டு மணி நேரம் என்று சொல்லி எட்டு மணி நேரத்திலேயே விடுகிறார்கள் என்பதை முதல் வாரம் அவரால் நம்பவே முடியவில்லை. கேட்டுக்கு வெளியே வந்தும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, யாராவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்பதுபோல் நின்றிருந்தாராம்.

நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்தது. தினமும் வீட்டில் சாப்பிடுகிறார். மகளுக்கு வாய்ப்பாடு கேட்கிறார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். உடம்பு தேறியது. கண் வெள்ளையானது. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. துறைமுகத்துக்குள் வண்டியில் போன் பேசக்கூடாது, அவரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் பேச என்ன இருக்கிறது? அதே பெட்டி, அதே கிடங்கு. மிஷின் சத்தம் தலைவலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். நான் தைப்பதை அவர் இல்லாத நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

அவருக்கும் ஏக்கம் உண்டு. சாயங்காலம் பைபாஸ் ஓரம் டீக்கடையில் நின்றுகொண்டு மதுரைப் பக்கம் போகிற டிரெய்லர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை வேறொரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பெங்களூர் வரைக்கும் போகிற வண்டி, கேபினில் ஏசி, இரண்டு டிரைவர் என்றார்கள். அன்று அவர் முகத்தில் நான் பார்த்த வெளிச்சத்தை மறக்க முடியாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். இரண்டாவது ஆள் யாரு, நான் அவரைப் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். பேருக்கு ஒருத்தரு இருப்பாரு என்று சொல்லியிருக்கிறார்கள். வரலை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போயிருக்கலாமோ என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வேண்டாமைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அவர் மட்டும் ஆத்தூருக்குப் போனார். அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம். மகளுக்குப் பரீட்சை என்பதால் நான் போகவில்லை. பிற்பகலில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏதோ வாங்கி வரட்டுமா என்று கேட்பார் என நினைத்து எடுத்தேன்.

"ஏளா, பஸ்ல வாரேன். பாலம் தாண்டுதேன். ஆத்துல கரை முட்டத் தண்ணி போகுது. ஜன்னலோரம் உக்காந்துருக்கேன்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கொடிக்கால் எல்லாம் பச்சையாக நிற்கிறது, அண்ணன் மகன் மீசை வைத்திருக்கிறான், முன் சீட்டில் ஒரு கிழவர் வெற்றிலைக் கட்டை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வருகிறார், முக்காணி வந்தாச்சு, பழையகாயல் வந்தாச்சு, இனிமேல் உப்பளம். நான் ம் போட்டுக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தைக் காணோமே என்று நடுவில் கேட்டார். கரண்ட் இல்லை என்று சொன்னேன். கரண்ட் இருந்தது. என்னுடையது கால் மிஷின் என்பதும் அவருக்குத் தெரியும். பஸ் ஊருக்குள் நுழைந்து, இறங்க வேண்டிய இடம் வந்ததும் வைக்கிறேன் என்றார். வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டார். அண்ணி கொடுத்துவிட்ட பலகாரப் பையை மேசைமேல் வைத்தார். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நல்லாருக்காங்க என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தார். நான் பாதியில் விட்ட துணியை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.